வாரியம் முதல் வார்டு வரை

உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால், பாபநாசத்தைத் தன்னுள் அடக்கிய விக்கிரமசிங்கபுரம் நகராட்சியிலும், அதற்குக் கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றை ஒட்டி அமைந்த ஊர்களிலும், அபேட்சகர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்துச் செல்லும் துண்டுப் பிரசுரங்களில், தலைவர்களின் படங்களுக்கும் சின்னத்துக்கும் இடம் விட்டது போக மிஞ்சிய நாலு விரற்கடைப் பரப்பில், தெருவிளக்கு, வாறுகால், சிமெண்டுச் சாலை, குடிநீர்க் குழாய், சமுதாய நலக்கூடம் ஆகியவை தவறாமல் இடம்பெற்றுவிடும். சீதோஷ்ண மாறுதலைப் பற்றி அவற்றில் ஒரு வரி காண்பது அரிது. உலக மகாநாடுகளில் ராஜதந்திரிகள் விவாதிக்க வேண்டிய அந்த விஷயத்தில் வார்டு மெம்பருக்கு என்ன வேலை என்ற எண்ணம் அபேட்சகருக்கும் உண்டு, வாக்காளருக்கும் உண்டு. ஆனால் ஏரியையும் குளத்தையும் காப்பதை ஊர்ச்சபையின் தலையாய கடமைகளுள் ஒன்றாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்த ஒரு தேசத்தில், அக்கடமை ஊரார் கையைவிட்டுப் படிப்படியாக எவ்வாறு நழுவிப் போயிற்று என்ற வரலாற்றை நோக்காமல், இன்றைய அபேட்சகரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

பொதிகையின் உச்சியை அடுத்த பூங்குளத்தில் பிறந்து, பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம் என்று அருவிகளாய் இறங்கிப் பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரம் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலந்துவிடுகிறது. காவிரியோடும் கோதாவரியோடும் ஒப்பிட்டால் இது சிற்றாறுதான். எனினும் அவற்றுக்கு வாய்க்காத ஒரு பாக்கியம் இதற்கு உண்டு: பிறப்பது முதல் கடலில் கலப்பது வரை இதன் ஓட்டம் முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டமையால், இதன் நீருக்காக வேறு ராஜ்யத்தாரிடம் கையேந்த வேண்டிய நிலை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் கொட்டும் நீரால் கார் விளைகிறது. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையால் பிசானம் விளைகிறது. கார் சாகுபடிக்கு அணை திறந்தாயிற்றா, பிசானத்துக்கு நீர் நிற்குமா என்பதே இப்பள்ளத்தாக்கின் சம்சாரிகள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் முதல் கேள்வி. பருவக்காற்று இரண்டும் தம் முறை தவறாமல் வரும் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் இவர்கள் ஆண்டு முழுவதையும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, அந்த முறை பிறழ்வதைப் பற்றிய பேச்சை இவர்களுக்கு அந்நியமானது என்று சொல்ல முடியாது.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு அணைக்கட்டுகள் வெள்ளையர் வருவதற்கு முன்பே இவ்வாற்றின் குறுக்கே எழுந்துவிட்டன. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரமசாரி ஒருவன், அகத்திய முனிவரின் ஆணைப்படி ஒரு பசுவின் பின்னே நடந்து, அது சென்ற வழியெல்லாம் கால்வாய் வெட்டி, அது நீர் விட்ட இடத்தில் மடையும் படுத்த இடத்தில் குளமும் அமைத்தான் என்பது கன்னடியன் கால்வாயைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை. இதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரிப்பது வீண் வேலை. கதையைக் கட்டியவர்கள் நிலத்தின் சாய்மானத்தை அறிந்தவர்கள் என்பதும், மேடறிந்து கால்வாயும் பள்ளமறிந்து குளமும் அமைய வேண்டும் என்ற பொறியியல் சூத்திரத்தைப் பசுவின் மேல் ஏற்றிச் சொன்னார்கள் என்பதும் மட்டும் தெளிவு.

இந்த அணைகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்த ஊர்களின் சபைகள் எப்படி நடைபெற்றன என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயில் செல்லும் சாலையில் உள்ள மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 800-ஐ ஒட்டிய அதன் காலம், குடவோலைக்குப் பெயர்போன உத்தரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முற்பட்டது. பறையறைந்து கூட்டிய மகாசபையில், சபையில் அமர்ந்து காரியம் செய்ய யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்று அங்கே விதிகள் வகுத்திருக்கிறார்கள். ஊரில் பங்குடையவரின் மக்களுள், நல்லொழுக்கமும் மந்திர பிராமணத்தோடு ஒரு தர்மசாஸ்திரமும் கற்ற தேர்ச்சியும் உடைய ஒருவரே அப்பங்கின் பொருட்டுச் சபையில் அமரலாம். அரைகுறைத் தேர்ச்சியோடு வருவோருக்கு அங்கே இடமில்லை. இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விதி: எந்தக் காரியம் எடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று எதிரே நின்று குறுக்கிடுவோர், அவ்வாறு குறுக்கிட்ட ஒவ்வொரு காரியத்துக்கும் தமக்குத் துணை நின்றவர்களோடு சேர்ந்து 5 காசு தண்டம் இறுக்க வேண்டும் என்பதே அது. இவ்விதி இக்காலத்தில் அமலில் இருந்தால் நம் நகரசபைகளின் வருமானம் எவ்வளவு பெருகும் என்று எண்ணிப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது. மாற்றுக் கருத்தை அடக்குவதற்கும் அதே விதி ஆயுதமாகியிருக்குமே என்று எண்ணுகையில் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது.

உத்தரமேரூரில் முதற் பராந்தகனின் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், இன்றைய அபேட்சகர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்கத் தக்கவை. ஊர், குடும்பு எனப்படும் 30 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டு, கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. முன்பு வாரியம் என்னும் சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோருள் 6 பேர் ஏரி வாரியமாக அமர்ந்தனர் என்பதே. மழை மிகுந்தால் கரை உடையாமல் காப்பதும், குறைந்தால் உள்ள நீரைக் கொண்டு சமாளிப்பதும் ஏரியைப் பேணுவோர் எக்காலத்திலும் விலக்க முடியாத வேலைகள். அவ்வாறு தேர்வானவர் நீர்நிலைக்கு நேரே பொறுப்பாளி என்றும், பதவிக்காலமாகிய 360 நாள் முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டியவர் என்றும் ஏற்பட்ட அந்த ஒழுங்கைக் காட்டிலும் தெளிவான ஒரு சீதோஷ்ணக் கொள்கையை எந்தக் கட்சியின் தேர்தல் விக்ஞாபனத்திலும் நான் கண்டதில்லை.

சபையின் கையில் அதிகாரம் மட்டுமன்றிப் பொருளும் இருந்தது. பாபநாசத்துக்கு அருகில் உள்ள அம்பாசமுத்திரத்துக்குப் பழைய பெயர் இளங்கோக்குடி. அவ்வூர்ச் சபையாரிடம் பாண்டியன் வரகுணன் 290 காசு கொடுத்து, முதல் கெடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல்லாகப் பலிசை (வட்டி) அளந்து அவ்வூர்க் கோயில் இறைவன் திருப்போத்துடையாரின் திருவமுதுக்குச் செலுத்தும்படி ஏற்பாடு செய்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. 580 கலம் நெல்லை வருஷந்தோறும் தவறாமல் அளக்க ஒப்புக்கொண்ட சபை, தன் வாய்க்காலின் மேலும் குளத்தின் மேலும் எத்தகைய நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்!

ஆயினும் இப்பழம்பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் மறைத்துவிடும் ஓர் உண்மையை இங்கே சொல்லத்தான் வேண்டும். மானூரிலும் உத்தரமேரூரிலும் சபை என்பது நிலமுடைய வேதியரின் சபை. நள்ளிரவில் கொட்டும் மழையில் மடையில் இறங்கி அடைப்பைத் தூக்கிய மடைக்குடும்பருக்கும், வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சிக்கும், நாற்று நட்ட பெண்களுக்கும் அச்சபையில் இடமில்லை. நீரை அறிந்தவர் ஒருவர். நீரைப் பற்றித் தீர்மானித்தவர் மற்றொருவர். சபையின் பெருமைகளுள் கடமையும் கணக்கும் நாம் வேண்டி எடுத்துக்கொள்ளத் தக்கவை. அதன் வாயிற்கதவு எடுத்துக்கொள்ளத் தக்கதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நேர்ந்த மாறுதல் நுட்பமானது. ஊரார் கூடிக் கரை பலப்படுத்தும் குடிமராமத்து வழக்கத்தை 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம் ஏட்டில் எழுதி வைத்தது. எழுதியபோதே அதன் இயல்பும் மாறிற்று. தங்கள் குளம் என்று வந்தவர்களைச் சர்க்கார் உத்தரவு என்று வரவழைப்பதற்கு அது சாதனமாயிற்று. எட்டாவது அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டம் அணையில் 1873-ல் நீர் திறக்கப்பட்டது. நல்ல காரியந்தான், கடைமடையில் பயிர் செய்வோர் அதனால் பெற்ற நன்மை கொஞ்சமன்று. ஆனால் அதன் பின் ஆற்றின் சாவி மராமத்து இலாகாவிடம் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில், 1866-ல், திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் முனிசிபாலிடிகள் ஏற்பட்டன. 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1884-ல் சென்னை ராஜதானியில் அதற்கான சட்டங்கள் வந்தன. வரி செலுத்துவோர் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாயினர். ஆனால் அப்பிரதிநிதிகளுக்குக் கிடைத்தவை விளக்கும் வாறுகாலும் ரோடும் தடுப்பூசியுமே; ஆறு கிடைக்கவில்லை, குளமும் கிடைக்கவில்லை. தேர்தல் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்த அந்தக் காலத்தில்தான், இன்றைய துண்டுப் பிரசுரத்தின் வாசகம் உண்மையில் எழுதப்பட்டது என்பது என் கருத்து. 1908 மார்ச்சில், வ.உ.சி. கைதானதைக் கேட்டுக் கொதித்தெழுந்த நெல்லை ஜனங்கள் தீ வைத்த கட்டடங்களுள் முனிசிபல் ஆபீசும் ஒன்று. ஊராரின் ஸ்தாபனம் என்று கருதியிருந்தால் அதற்கு நெருப்பு வைத்திருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பாபநாசத்தில் இந்தப் பிரிவினை பின்னும் கூர்மையாக நிகழ்ந்தது. அருவி நீரின் வேகத்தைக் கொண்டு யந்திரங்களை ஓட்டலாம் என்று கண்டு ஹார்வி சகோதரர்கள் இங்கே நிறுவிய பஞ்சாலை 1885-ல் நூற்கத் தொடங்கியது. நிலக்கரியை நம்பாத இத்தகைய தொழிலை இன்று உலகமெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறது. அன்று அது செலவுச் சிக்கனத்துக்காகச் செய்த காரியம், அவ்வளவுதான். மலைமேல், சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 1929-ல் 99 வருஷக் குத்தகைக்குப் பெற்றுத் தேயிலை பயிரிட்டது, சோலைக்காடுகள் தோட்டங்களாயின. 1938-ல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் திட்டம் 1944-ல் மின்சாரம் தரலாயிற்று. பிறகு மணிமுத்தாறு அணையும் சேர்வலாறு அணையும் எழுந்தன. முண்டந்துறைக் காடு 1962-ல் சரணாலயமாகி, 1988-ல் களக்காட்டுடன் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. காட்டுக்கு வனத்துறை, அணைக்குப் பொதுப்பணித்துறை, மின்சாரத்துக்கு மின்வாரியம், ஆலைக்கு முதலாளி என்று ஒவ்வொன்றும் ஒருவர் கைக்குப் போன பின், பாபநாசத்து வாக்காளருக்கு எஞ்சியது, பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு நீர்மட்டக் கணக்கில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று காலைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளும் உரிமை மட்டுமே.

1992-ல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் இதை ஓரளவு திருத்த முயன்றன. ஊராட்சிகளுக்குரிய 29 இனங்களில் சிறு பாசனமும், நீர் மேலாண்மையும், சமூகக் காடும், மரபுசாரா எரிசக்தியும் இடம்பெற்றன; நகராட்சிகளுக்குரிய 18 இனங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஒன்றாயிற்று. அட்டவணையில் எழுதியதெல்லாம் கைக்கு வந்துவிடவில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1996-ல் தேர்தல்கள் முறையாகத் தொடங்கின. ஐந்தாண்டுக்கொரு முறை நடந்தும் வந்தன. 2016-ல் அந்தத் தொடர் அறுந்தது. மற்றப் பல மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தபோதும், புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் என்ற காரணத்தால் நெல்லையும் தென்காசியும் விடப்பட்டன. 2021 அக்டோபரில்தான் இங்கே ஊராட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளில் என்னென்ன நேர்ந்தன என்று பாருங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கர நீராட்டு விழாவுக்கு வந்த ஜனத்திரள் பாபநாசம் படித்துறையை நிறைத்தது. தண்ணீர் இல்லாத ஆண்டிலும் சரி, தண்ணீரில் ஜனங்கள் நிறைந்த ஆண்டிலும் சரி, கேள்வி கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர் ஒருவரும் ஊரில் இல்லை. தனி அதிகாரிகளே இருந்தனர்.

புதிய மெம்பர்கள் பதவியேற்ற பின் வந்த சோதனை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பிரயாணிகள் வெள்ளத்தால் சூழப்பட்டுத் தவித்தனர். குளங்கள் பல உடைந்தன. ஒரு மழையை மட்டும் கொண்டு சீதோஷ்ணம் மாறிவிட்டது என்று சாதிப்பது சாஸ்திர முறையன்று. ஆனால் காற்றும் கடலும் வெப்பமடைய அடைய, நாள் கணக்கில் பரவிப் பெய்ய வேண்டிய மழை மணிக்கணக்கில் கொட்டித் தீர்ப்பது மிகும் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அத்தகைய மழையைத் தாங்குவன தூர்ந்து போகாத வாய்க்காலும், ஆக்கிரமிப்பில்லாத குளமும், பழுதில்லாத கலிங்குமே.

இனி, நகராட்சியின் நேரான பொறுப்பில் உள்ளதொன்றைக் கிட்ட நின்று பார்ப்போம். பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் ஓர் அமாவாசைக் காலையில் நின்றால், ஸ்நானமும் தர்ப்பணமும் முடித்தவர்கள், பாவம் தொலைந்தது என்ற எண்ணத்தில், உடுத்திய ஈரத்துணியை அப்படியே ஆற்றில் விட்டுக் கரையேறுவதைக் காணலாம். வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சிக்கி, பாசி படர்ந்து, மேல் வரும் துணிகளையும் இழுத்துக்கொண்டு மூட்டையாகக் கனத்துக் கிடக்கும்; குளிப்போர் காலில் சுற்றும். துப்புரவுத் தொழிலாளர்கள் அவற்றைக் கம்பியால் கொக்கி போட்டு இழுத்துப் படியில் குவிப்பார்கள். நீர் சொட்டும் அக்குவியலின் அருகிலேயே அடுத்தவர் தம் துணியை அவிழ்த்து விடுவார். இது ஆற்றின் முதல் படித்துறை. பல மாவட்டங்கள் குடிக்கும் நீர் இதன் கீழேதான் எடுக்கப்படுகிறது. திருநெல்வேலியை அடையுமுன்பும் அடைந்த பின்பும் அந்நீரில் கலக்கும் கழிவுநீரைப் பார்வையிட 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வர நேர்ந்தது. மெம்பர்கள் பார்க்க வேண்டியதை நீதிபதிகள் வந்து பார்க்கும் காலம் இது.

ஊராட்சிக்கு அதிகாரம் குறைவு என்று சொல்லி ஒதுங்குவோருக்கு ஓடந்துறையைச் சுட்டிக் காட்டலாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த அவ்வூராட்சி, 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி, கரியமில வாயுவைச் சமன்செய்யும் ஊராக ஆவது என்று 2016-ல் முயற்சி தொடங்கியது. மெல்போர்னை ஒட்டிய டேரபின் நகரசபை, அதே ஆண்டு டிசம்பரில், சீதோஷ்ண நெருக்கடி என்று உலகிலேயே முதன்முதலாகப் பிரகடனம் செய்தது. அதன் பின் பல தேசத்து நகரசபைகள் அதைப் பின்பற்றின. பிரகடனங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தீர்மானம் நிறைவேற்றுவதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. ஓடந்துறைக் காற்றாலை வேறு ஜாதி: அது சுற்றுகிறதா, நிற்கிறதா என்று எவரும் அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டு அரசு 2022-ல் பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் அதன் பொறுப்பைக் கலெக்டரிடம் ஒப்படைத்திருக்கிறது. கலெக்டர்கள் திறமையானவர்கள்தாம், ஆனால் இரண்டொரு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர்கள், வாக்குக் கேட்டுத் தெருவில் வராதவர்கள். மறுபுறம், 100 ஏக்கருக்குக் குறைந்த பாசனமுள்ள சிறு குளங்கள் இன்றும் ஊராட்சி ஒன்றியத்தின் கையில்தான் உள்ளன. கழிவுநீரும் குப்பையும் தெருமரமும் நகராட்சியின் கையில் உள்ளன. 86,107 ஏக்கர் பாசனம் முழுவதையும் ஒரு வார்டு மெம்பர் காப்பாற்றிவிட முடியாது. தம் வார்டின் வாறுகால் எந்தக் கால்வாயில் போய் விழுகிறது என்று அவர் அறிந்திருக்கலாம், அதைத் திருப்பலாம், தம் ஊர்க் குளத்தின் எல்லைக்கல் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று சபையில் எழுந்து கேட்கலாம். நீதிபதிகளும் கலெக்டரும் வந்து செய்ய முடியாத காரியங்கள் இவை.

2021-லும் 2022-லும் வென்றவர்களின் ஐந்தாண்டு முடிந்து, அடுத்த அபேட்சகர் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, அன்பரே, அவர் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருக் கழிவுநீர் எங்கே போகிறது, ஊர்க் குளத்தை எந்த மாதத்தில் தூர் வாருவார், படித்துறையில் குவியும் துணிக்கு என்ன வழி செய்வார் என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலை அந்தப் பிரசுரத்தின் பின்பக்கத்திலேயே அவர் கையால் எழுதி வாங்கி, மறுதேர்தல் வரை பத்திரமாக வைத்திருங்கள்.